நாலாவது டிரம்

புது ஆய்வாளர்களுக்கான உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். எனக்குப் பேச வராது. முப்பது வருஷத்துக்கு மேல் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து முதலாளிகளை அதட்டியவன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் எழுதி அனுப்புகிறேன். உங்களில் குரல் நன்றாக உள்ளவர் யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

இயந்திரத்தைச் சுற்றி வேலி எவ்வளவு உயரம், கொதிகலனை எப்போது சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது, நான் கிட்டத்தட்ட ஒரு தெருவையே கொன்றுவிட இருந்த ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி. என்னைப் பற்றிப் பெருமையாக ஒன்றும் வராது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், பங்குனி மாதம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. காவிரிக் கரையில் பிறந்த எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பூமியே பிடிக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வெடித்த கரிசல், இடையிடையே உடைமரம், அதன் நிழலில் நிற்கும் ஆடுகள். தண்ணீர் கேட்டால் சொம்பில் முக்கால் பங்குதான் தருவார்கள். என் மனசில் அப்போது இருந்ததெல்லாம் சாயங்காலம் மதுரை பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான்.

திருச்சுழி ரோட்டில், அருப்புக்கோட்டையிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி ஒரு பெரிய தகரக் கொட்டகை. யுத்த காலத்தில் அங்கே கைக்கருவிகள் செய்தார்கள். ராணுவ லாரிகளுக்கு வேண்டிய ஸ்பானர், குறடு, சுத்தியல். மானாவாரி நிலத்தில் மழை பொய்த்தவர்கள் இருநூறு பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்களாம். யுத்தம் முடிந்ததும் ஆர்டர் நின்றது. ஒரே வாரத்தில் பூட்டைப் போட்டுவிட்டு முதலாளிமார் கிளம்பிவிட்டார்கள். சும்மா கிடந்த கொட்டகையை ரேஷன் தானியம் சேர்த்து வைக்கும் கிடங்காக எடுத்துக்கொள்ளலாமா என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். உள்ளே ஆபத்தான பொருள் ஏதும் இல்லை என்று ஒரு சான்று வேண்டும். அதற்குத்தான் என்னை அனுப்பினார்கள்.

காவலுக்கு இருந்த கருப்பையா பரளச்சிக்காரர். ஐம்பது வயதிருக்கும். பூட்டில் எண்ணெய் விட்டு, கதவைத் தோளால் முட்டித் திறந்தார்.

உள்ளே போனதும் என்னை அறியாமல் குரலைத் தணித்துக்கொண்டேன். தலைக்கு மேலே நீளமான சுழல்தண்டு அப்படியே இருந்தது. அதிலிருந்து இறங்க வேண்டிய தோல் வார்களை மட்டும் காணோம். யாரோ அறுத்துச் செருப்பு தைத்துக்கொண்டிருக்க வேண்டும். பிடி போடாத சுத்தியல் தலைகள் இடுப்பளவுக்குக் குவிந்து, துருவேறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் எண் அடித்த பித்தளை வில்லை. வேலைக்கு வருகிறவர் எடுத்துக்கொண்டு போக வேண்டிய வில்லை. கடைசி நாளில் மாட்டியதை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பக்கத்தில் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் ‘நாளை இரண்டு ஷிப்டு’ என்று எழுதியிருந்தது. எனக்கு அதைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. ஆனால் சங்கடப்படுவதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் தரவில்லை என்று சொல்லிக்கொண்டு மேலே நடந்தேன்.

கொட்டகையின் கோடியில் ஒரு தனி அறை. கருவிகளைக் காய்ச்சிக் கெட்டியாக்கிப் பதம் ஏற்றும் அறை. செங்கல் உலை, பக்கத்தில் ஒரு தொட்டி, சுவரோரம் மூன்று தகர டிரம்கள். மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் கரையான் தின்றிருந்தது. மூன்றாவது டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் அதே அளவில் ஒரு வட்டத் துருத்தடம். அந்த வட்டத்துக்குள் மட்டும் தூசி குறைவாக இருந்தது.

அதைப் பார்த்தேன். கண்ணால் நன்றாகவே பார்த்தேன். “இங்கே இன்னொன்று இருந்ததா?” என்று கேட்டேன். “எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு எசமான்” என்றார் கருப்பையா. நானும் காலி டிரம்மை எவனாவது தண்ணீர் பிடிக்கத் தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்துவிட்டேன். மற்ற மூன்றையும் பூட்ஸ் காலால் தட்டிப் பார்த்தேன். கிரீஸோ பெயிண்டோ கெட்டிப்பட்டுக் கிடக்கிறது என்று முடிவு கட்டினேன். மூடியைத் திறக்கவில்லை. வெக்கை, பசி, பஸ். வேறு காரணம் கிடையாது. வெளியே வந்து, வாசல் நிழலில் உட்கார்ந்து, ‘ஆபத்தான பொருள் ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அப்போது சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். பாளையம்பட்டி இபுராகிம். இந்தத் தொழிற்சாலையில் பதம் போடுகிறவராக நாலு வருஷம் இருந்தவர். இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, திரும்பத் திறக்கப் போகிறார்கள் என்ற ஆசையில் ஓடி வந்திருக்கிறார். கிடங்காகப் போகிறது என்றதும் முகம் தொங்கிவிட்டது. “சரி சார், நாம வேல பாத்த எடத்த ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்” என்று உள்ளே போனார்.

போனவர் உடனே திரும்பி வந்தார்.

“சார், இங்கன நாலு டிரம்மு இருந்துச்சு. ஒண்ணக் காணோம்.”

“காலி டிரம்தானே?”

“காலியா? கழுத்து வரைக்கும் இருந்துச்சு. அம்புட்டும் சயனைடு சார். கோழிமுட்டைத் தண்டிக்கு வெள்ள வெள்ளயாக் கட்டி. அத உருக்கித்தான் இரும்புக்குப் பதம் ஏத்துவோம். அந்த ரூம்புல வெத்தல போடக்கூடாது, பீடி குடிக்கக்கூடாது. ஒரு நா ஒரு நாயி அந்தத் தொட்டித் தண்ணிய நக்கிருச்சு. வாசலத் தாண்டல.”

பொட்டலத்தைக் கீழே வைத்தேன். நான் கையெழுத்துப் போட்ட காகிதம் மடியில் இருந்தது.

இனி நான் செய்ததைக் கவனியுங்கள், ஏனென்றால் நீங்களும் இதையேதான் செய்வீர்கள். எழுந்து போய்க் கருப்பையாவை அதட்டினேன். அரசாங்கச் சொத்தைத் திருடியிருக்கிறாய், போலீஸில் ஒப்படைப்பேன், குடும்பத்தோடு உள்ளே தள்ளுவேன் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அது அரசாங்கச் சொத்தே அல்ல. பயத்தில் கத்துகிறவனுக்கு அதெல்லாமா நினைவிருக்கும்? கருப்பையா கையைக் கட்டிக்கொண்டு, “எனக்கு ஒண்ணுந் தெரியாது எசமான்” என்றார். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். நான் கத்தக் கத்த அவர் முகம் கல்லாக இறுகியது. அரை மணி நேரம் இப்படியே போயிற்று. அந்த அரை மணி நேரத்தை நான்தான் தின்றேன்.

கடைசியில் இபுராகிம், “சார், நீங்க கொஞ்சம் அந்த உடைமரத்துப் பக்கமாப் போயி நில்லுங்க” என்றார். அதிகாரியிடம் சொல்கிற பேச்சா இது என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போய் நின்றேன். அவர் கருப்பையா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசியது காதில் விழுந்தது.

“மாமா, கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது மருந்து மாமா. ஆளக் கொல்ற மருந்து. எவன் வீட்டுல இருக்குன்னு மட்டும் சொல்லு. நீ திருடுனேன்னு யாரும் சொல்லல.”

கருப்பையா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டார். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். துணிக்குக் கட்டுப்பாடு, கூறைச்சேலை எங்கேயும் கிடைக்கவில்லை. அருப்புக்கோட்டையில் சாயம் போடுகிற சௌடம்மா வீட்டில் கேட்டிருக்கிறார். அவர்களுக்கோ நூலில் சாயம் ஏற்ற வேண்டிய காஸ்டிக் சோடா என்கிற காரம் இல்லாமல் நாலு மாதமாகத் தொட்டி காய்ந்து கிடந்தது. டிரம்முக்குள் வெள்ளைக் கட்டியைப் பார்த்த கருப்பையா அது காரம்தான் என்று நினைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்து, சேலைக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அது முந்தின வாரம்.

“இன்னும் தொறக்கலயா மாமா அவுக?” என்று இபுராகிம் கேட்டார்.

“புதுத் தொட்டி வெள்ளிக்கிழமதான் போடுவாகளாம். வெளக்கு வச்சுச் சாமி கும்புட்டுட்டு, அந்தம்மா ஒரு கிள்ளு எடுத்து நாக்குல வச்சுப் பாக்கும். நாக்கு சரின்னு சொன்னாத்தேன் தொட்டில போடுவாக.”

சாயக்காரர்கள் காரத்தின் வீரியத்தை நாக்கு நுனியில் வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்று வெள்ளிக்கிழமை.

இபுராகிமின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன். கால் தரையில் இழுபட, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உச்சி சாய்ந்த வெயிலில் ஏழெட்டு மைல். வழியில் இரண்டு தடவை சங்கிலி கழன்றது. இபுராகிமுக்கு மூச்சு வாங்கியபோது நான் மிதித்தேன், அவர் கேரியரில் உட்கார்ந்தார். நான் கையெழுத்துப் போட்டதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. வெட்கம்.

ஊருக்குள் நுழைந்ததும் முச்சந்தியில் ஒரு போலீஸ்காரர் நின்றார். அவரைக் கூட்டிக்கொள்ளலாம் என்று இறங்கினேன். இபுராகிம் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

“வேணாம் சார். போன மாசம் நூல் பதுக்கி வச்சிருக்காகன்னு தெருத் தெருவாச் சோதன போட்டாக. போலீஸுத் தொப்பியப் பாத்தாகன்னா, டிரம்ம அப்படியே கெணத்துல தள்ளிருவாக. அந்தத் தெருவு பூராவும் குடிக்கிறது அந்த ஒரு கெணத்துத் தண்ணிதேன்.”

போலீஸ் இல்லாமல் போய், அவர்கள் தர மறுத்துவிட்டால்? சாயங்காலத்துக்குள் யாராவது செத்தால், முச்சந்தியில் நின்ற போலீஸை ஏன் கூப்பிடவில்லை என்று என்னைத்தான் கேட்பார்கள். சட்டப்படி நான் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அது சரியான முடிவு என்று அப்போது எனக்குத் தெரியாது. இபுராகிமின் முகத்தைப் பார்த்து நம்பினேன், அவ்வளவுதான்.

ஆனால் என் கால்சட்டையும் கையிலிருந்த தொப்பியுமே போதுமாக இருந்தது. தெருவில், கிடைத்த கொஞ்ச நூலைத் தறிக்குப் பாவாக விரித்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சௌடம்மா வீட்டுக் கதவு என் கண் முன்னால் சாத்திக்கொண்டது. உள்ளே பெண்கள் தங்கள் வீட்டு மொழியான கன்னடத்தில் அவசர அவசரமாகப் பேசிக்கொள்வது கேட்டது. பிறகு, வீட்டின் பின்பக்கத்தில், கல்தரையில் தகரம் உருளும் சத்தம்.

“கதவைத் திறங்கள், அரசாங்க அதிகாரி வந்திருக்கிறேன்” என்றேன். உருளும் சத்தம் வேகமாயிற்று.

இபுராகிம் கதவில் வாயை வைத்து, “ஆத்தா, அது காரம் இல்ல, வெசம்” என்றார்.

உள்ளேயிருந்து ஒரு முதிர்ந்த பெண்குரல் தமிழில் வந்தது. “எங்க கையில இருக்குறத வாங்கணும்னா எல்லாரும் அப்படித்தேன் சொல்லுவீக. எங்க வீட்டுல டிரம்மே இல்ல.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வருஷங்களில் காக்கி போட்டவர்களும் கால்சட்டை போட்டவர்களும் அவர்களிடம் எத்தனை பொய் சொல்லி எதையெல்லாம் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் நம்பும்படி நாங்கள் நடந்துகொண்டதில்லை. குறிப்பேட்டை எடுத்து இப்படி எழுதினேன்: ‘திருச்சுழி ரோட்டுக் கொட்டகையிலிருந்த டிரம் ஒன்றைச் சௌடம்மா அவர்களுக்கு நானே என் பொறுப்பில் கொடுத்தேன். இதற்காக அவர் பேரிலோ காவல்காரர் பேரிலோ எந்த வழக்கும் கிடையாது.’ கையெழுத்துப் போட்டு, பதவியையும் எழுதி, கிழித்துக் கதவிடுக்கில் தள்ளினேன். அரைப் பக்கத்தில் அத்தனையும் பொய். யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் ஜெயிலுக்குப் போக வேண்டியவன் நான்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

உள்ளே யாரோ எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். உருளும் சத்தம் நின்றது. பிறகு கதவு திறந்தது.

சௌடம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, வருஷக்கணக்காக ஊறிய நீலம். என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். கிணற்று மேடையின் விளிம்பில், தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்தபடி அந்த டிரம் இருந்தது. இரண்டு பேர் அதைத் தோளால் தாங்கிப் பிடித்திருந்தார்கள். இபுராகிம் ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்து நிமிர்த்திக் கீழே இறக்கினார். நான் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.

இபுராகிம் மூடியைப் பார்த்துவிட்டு, “ஆத்தா, இதத் தொறந்திருக்காகளே” என்றார்.

“காலையில எம் மகன் தொறந்தான்” என்றார் சௌடம்மா. “பாளையம்பட்டில இன்னொரு சாயக்காரவுக இருக்காக. பாதி டிரம்ம எடுத்துக்கிட்டு நூல் குடுப்பாகளான்னு கேக்கப் போயிருக்கான். சாம்பிளுக்கு ஒரு கட்டிய வேட்டி மடியில கட்டிக்கிட்டுப் போனான்.”

சொல்லிக்கொண்டே வந்தவருக்கு நடுவிலேயே புரிந்துவிட்டது. எந்தச் சாயக்காரர் கையில் கொடுத்தாலும் முதலில் நாக்கில்தான் வைப்பார். “அவன் வெத்தல போடுவான்” என்றார் மெதுவாக. “வெத்தலயும் அதே மடியிலதேன் வச்சிருப்பான்.”

இபுராகிம் அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார்.

நான் டிரம்மின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சௌடம்மா வாசலில், ரோட்டைப் பார்த்து. தெருவில் யாரும் வேலை செய்யவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். கருப்பையாவை நான் அதட்டிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தைத்தான் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். அதற்குள் சைக்கிளில் பாதி வழி வந்திருக்கலாம். அதற்கும் முன்னால், அந்த வட்டத் தடத்தைப் பார்த்தபோதே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டிருந்தால்? ஒருவேளை அந்த மனிதன் இப்போது பாளையம்பட்டியில் யார் வீட்டு வாசலிலோ வாயில் நுரையோடு கிடந்தால்? எனக்குக் கடவுள் நம்பிக்கை கம்மி. அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வெயில் இறங்கும்போது இபுராகிமின் சைக்கிள் தெருமுனையில் திரும்பியது. கேரியரில் ஒரு முப்பது வயது ஆள், முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் மகன் நாகராசு. பாளையம்பட்டிச் சாயக்காரர் ஒரு சாவு வீட்டுக் கேதத்துக்குப் போய்விட்டாராம். அவர் திரும்பி வரட்டும் என்று இவர் கடை வாசலில் படுத்துத் தூங்கியிருக்கிறார். மடியில் கட்டிய முடிச்சு அவிழவே இல்லை. வெற்றிலை தீர்ந்துபோனது எங்கள் அதிர்ஷ்டம்.

சைக்கிளிலிருந்து இறங்கி, “எதுக்கு இம்புட்டுக் கூட்டம்?” என்று கேட்ட மகனைச் சௌடம்மா ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு அவன் கன்னத்தையே தடவிக்கொண்டு அழுதார். இபுராகிம் முடிச்சை அவிழ்த்துக் கட்டியை டிரம்மில் போட்டு மூடினார். நாகராசுவை அந்த வேட்டியை அங்கேயே அவிழ்த்துப் போடச் சொல்லி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வைத்தார். ஒரு மணி நேரமாக என் உள்ளங்கை அந்தத் தகரத்தின் மேல்தான் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் போய்க் கழுவினேன்.

அன்றே அந்த டிரம்மை ஒரு வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்கு அனுப்பிப் பூட்டிவைத்தோம். நாலு டிரம்களையும் இரண்டு நாள் கழித்து, விவரம் தெரிந்தவர்கள் மதுரையிலிருந்து வந்து எடுத்துப் போனார்கள். மேலதிகாரியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன், முதலில் எழுதிய சான்று உட்பட. என் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. அது நியாயம்தான். அவர் அதைப் படித்துக்காட்டியபோது எனக்கு வலிக்கவில்லை.

வலித்தது, அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது சௌடம்மா கேட்டது.

“வெசத்த எடுத்துக்கிட்டீக. நல்லா இருப்பீக சாமி. எங்களுக்குக் காரம் எப்ப வரும்?”

தெரியாது என்றேன். அது என் துறை இல்லை என்றேன்.

“அப்ப நாளைக்கு வேற எவனாச்சும் ஒரு டிரம்மக் கொண்டாந்து எறக்குனா நான் வாங்கத்தேன் செய்வேன். சாய நூல் இல்லாம இந்தத் தெருவுல நாப்பது தறி நிக்கிது. நாக்குலதேன் வச்சுப் பாப்பேன். வேற எதுல வச்சுப் பாக்கச் சொல்றீக?”

கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரிந்தால் சொல்லிவிட்டுப் போ என்கிற மாதிரிதான் கேட்டார். நான் இபுராகிமின் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன்.

மறுவாரம், அருப்புக்கோட்டைச் சாயக்காரர்களுக்குக் காஸ்டிக் ஒதுக்கித் தர வேண்டும் என்று ஒரு அறிக்கை எழுதி அனுப்பினேன். இது நம் வேலை அல்ல என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார்கள். மறுபடி எழுதினேன், மறுபடி திரும்பியது. இப்படியே நடந்து, ஆவணி மாதம்தான் அந்தத் தெருவுக்குக் காரம் போய்ச் சேர்ந்தது. அதுவரைக்கும் ஒரு வெள்ளிக்கிழமைகூட, விளக்கு வைக்கிற நேரத்தில் எனக்குச் சோறு இறங்கியதில்லை.